பல்லில் ஓட்டை இல்லை, ஆனால் வலிக்கிறது. மனக்கவலைக்கும் பல்லுக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

லயத்துக்காரி (சுங்கை சிப்புட், மலேசியா) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் இங்கே வந்து படித்துவிட்டுப் போகிறவள், எழுதியதில்லை. இன்றைக்குக் கேட்டே ஆக வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 39. தோட்டத்து ஆபீசில் கிராணி (குமாஸ்தா) வேலை. வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். இருப்பது தோட்டத்து வீடு, மாமனார் பால்மரம் (ரப்பர்) சீவிய காலத்தில் இருந்து அதே வீடுதான். போன வருஷம் தோட்டம் கை மாறியது. தீபாவளி முடிந்த மறுவாரமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்தது. அந்தக் கடிதங்களை டைப் அடித்து உறையில் போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். முப்பத்திரண்டு உறை. அதில் ஒன்று என் வீட்டுக்காரர் பெயரில்.

சரி, பல்லுக்கு வருகிறேன். அந்த மாதத்தில் இருந்தே காலையில் எழுந்தால் தாடை இறுகிப்போய் இருக்கிறது, வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட முடியவில்லை. நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் வலி. காதுக்குள் வலிக்கிற மாதிரி இருந்ததால் முதலில் காது என்று நினைத்து கிளினிக்குக்குப் போனேன், காதில் ஒன்றுமில்லை என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். அப்புறம் வலது பக்கம் கீழே கடைவாய்ப்பல் ஒன்று முறுக்கு கடித்தபோது சுரீர் என்றது. தினமும் இல்லை, சில நேரம்தான். பல் தேய்த்தால் துப்புகிற நுரையில் ரத்தம். நாக்கு ஓரத்திலும் உதட்டுக்கு உள்ளேயும் மாறி மாறி வாய்ப்புண் வேறு. வீட்டுக்காரரைக் கேட்டால், "ராத்திரியில் நீ பல்லைக் கடிக்கிற சத்தத்தில் எலி ஏதோ மரத்தைக் கொறிக்கிறது என்று நினைத்து இரண்டு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன்" என்கிறார். சொல்லவே இல்லை பாருங்கள் இத்தனை நாளாய்.

பல் டாக்டரிடம் போனேன். மலாய்க்காரப் பெண், சின்ன வயது, பொறுமையாகப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். "லுபாங் தக் அடா, கா" என்றார், ஓட்டை இல்லையாம். பிறகு என் கன்னத்தைத் தொட்டு, பல்லைக் கடிக்கச் சொல்லி, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, வீட்டிலோ வேலையிலோ தெக்கானான், அதாவது மன அழுத்தம், ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. பல் வலி என்று போன இடத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அழுதால் எப்படி இருக்கும், நினைத்துப் பாருங்கள்.

மன அழுத்தத்தில் நீங்கள் பல்லைக் கடிக்கிறீர்கள், ஈறும் அதனால் பாதிக்கப்படலாம், இரவில் போடுகிற கவசம் ஒன்று செய்யலாம், ஈறுக்கு ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். ஸ்கேலிங்குக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கவசத்துக்குத் தனியாரிடம் நல்ல விலை ஆகும் போலிருக்கிறது.

மாமியார் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார், "பல்லில் புழு." வேலையிடத்தில் இருக்கிற அக்கா, "எல்லாம் மனசுதான், கோயிலுக்குப் போ" என்கிறார். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். கவலை மனசில் இருக்கிறது, பல் எலும்பு மாதிரி கல்லாய் இருக்கிறது. ஒன்று எப்படி இன்னொன்றைக் கெடுக்கும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். வீடு மாற்றக் காசு சேர்க்கிற நேரத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டுக்குச் செலவு பண்ணலாமா என்பதும் கேள்விதான்.

பழைய_மண்டோர் (கோலகங்சார்) எழுதியது:

தங்கச்சி, கிராம்பை நசுக்கிப் பஞ்சில் வைத்து அந்தப் பல்லில் கடித்துக்கொள்ளுங்கள், வலி அடங்கும். எங்கள் காலத்தில் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் அதைத்தான் செய்தார். உப்பும் அடுப்புக்கரியும் வைத்துத் தேய்த்தோம், எழுபத்திரண்டு வயதில் எனக்குப் பாதிப் பல் இன்னும் இருக்கிறது. (மீதிப் பாதி எங்கே என்று கேட்காதீர்கள்.)

காலி பண்ணச் சொன்ன கடிதத்துக்கு எதிலும் தனியாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அது பல்லைவிட முக்கியம். முப்பத்திரண்டு வீடும் சேர்ந்து தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.

நைட்ஷிப்ட்_காரன் (தெலுக் இந்தான்) எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் கதையை யாரோ பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கிறேன், பாதி மாதம் இரவு வேலை. மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அண்ணன் ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரன்) கடன் வாங்கிவிட்டுப் பெயருக்கு என் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தினமும் போன். வீட்டு கேட்டில் சிவப்புப் பெயிண்ட். அந்த ஆறு மாதம் நான் எப்படித் தூங்கினேன், என்ன சாப்பிட்டேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. ஆனால் வேலையில் ஒரு நாளைக்கு நாலு கோப்பியோ, இரண்டு எனர்ஜி டிரிங்கோ, ஒரு பாக்கெட் சிகரெட்டோ கணக்கில்லாமல் போனது.

எனக்கும் இதே கடைவாய்ப்பல்தான், இடது பக்கம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. நான் டாக்டரிடம் "பரவாயில்லை, பிடுங்கிவிடுங்கள்" என்று வாதாடினேன், அவர் மறுத்துவிட்டார், இப்போது நினைத்தால் அந்த மனிதருக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சியை ஒவ்வொரு பல்லாக, பல்லின் ஒவ்வொரு முனையாக வைத்துக் கடிக்கச் சொன்னார். ஒரு முனையில் கடிக்கும்போது ஒன்றும் இல்லை, கடித்ததை விட்டதும் மின்சாரம் அடித்த மாதிரி இருந்தது. பல்லில் விரிசல். மயிரிழை அளவு விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் விழாதாம். கடிக்கும்போது விரிசல் விரிகிறது, விடும்போது இரண்டு பக்கமும் படக்கென்று சேர்கிறது, அந்த நேரத்தில்தான் உள்ளே இருக்கிற நரம்பு அலறுகிறது என்று விளக்கினார். அக்கா, நீங்கள் முறுக்கு கடித்தபோது வலித்ததா, கடித்துவிட்டு விட்டபோது வலித்ததா? இதைக் கவனித்து டாக்டரிடம் சொல்லுங்கள். விரிசல் வேர் வரைக்கும் இறங்கிவிட்டால் பல்லைக் காப்பாற்ற முடியாது. எனக்கு மேலே மட்டும் இருந்ததால் தொப்பி மாதிரி ஒரு உறை மாட்டிக் காப்பாற்றிவிட்டார்கள். காசுக்கு இபிஎப் சேமநிதியின் மூன்றாம் கணக்கில் கை வைத்தேன், 2024-ல் அது திறந்த புதிது.

கவசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் ஒன்று சொல்கிறேன், அது பல் கடிப்பதை நிறுத்தாது. நிறுத்தும் என்று நம்பி வாங்கினால் ஏமாந்து போவீர்கள். நான் இன்றைக்கும் கடிக்கிறேன், கவசத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளம் என் பல்லில் விழாமல் பிளாஸ்டிக்கில் விழுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. பல் மேலே இருக்கிற எனாமல் போனால் திரும்ப முளைக்காது, பிளாஸ்டிக் தேய்ந்தால் வேறு செய்யலாம். அதனால் எனக்கு அது லாபம். ஆன்லைனில் பத்துப் பதினைந்து வெள்ளிக்கு வெந்நீரில் போட்டுக் கடிக்கிற மெத்தென்ற ரப்பர் விற்கிறார்கள், அதை முதலில் வாங்கிப் பார்த்தேன், மிட்டாய் மென்ற மாதிரி ராத்திரி முழுக்க மென்றிருக்கிறேன், தாடை வலி இன்னும் மோசம். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை, எனக்கு ஆனது.

பகலில் கடிப்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. டாக்டர் கேட்டார், "இப்போது உன் பல் எங்கே இருக்கிறது?" பார்த்தால் மேலும் கீழும் ஒட்டிக்கொண்டு இறுக்கமாக இருக்கிறது! சும்மா இருக்கும்போது உதடு மூடியிருக்க வேண்டும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடக்கூடாது, நாக்கு மேலண்ணத்தில் முன்பல்லுக்குப் பின்னால் சாய்ந்திருக்க வேண்டும். பல்லும் பல்லும் சேர வேண்டியது மெல்லும்போதும் விழுங்கும்போதும்தான். நான் பாய்லர் மீட்டர் பக்கத்தில், மோட்டார் சைக்கிள் டேங்கில், போனுக்குப் பின்னால் என்று சின்னச் சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் தாடையைத் தளர விட வேண்டும். ஆலையில் எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு மாதத்தில் காலைத் தலைவலி பாதியாகக் குறைந்தது. உங்களுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒன்று ஒட்டினால் போதும்.

பல்தாதி_ஓய்வு (ஈப்போ) எழுதியது:

லயத்துக்காரி, வணக்கம் மா. நான் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற பல் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். மடக்கு நாற்காலியை வேனில் ஏற்றிக்கொண்டு பேராக் தோட்டப் பள்ளிகள் பலவற்றுக்குப் போயிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, உங்கள் வாயையும் பார்க்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

"பல்லைக் கடித்துக்கொண்டு இரு" என்று நாம் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்போம்? கஷ்டம் வந்தால் மனிதன் செய்வது அதுதான் என்று தெரிந்துதானே பெரியவர்கள் அப்படிச் சொன்னார்கள். கன்னத்தில் இருக்கிற மெல்லும் தசை, உடம்பில் அளவுக்கு மீறிப் பலமுள்ள தசைகளில் ஒன்று. பகலில் மெல்லும்போது கல் தட்டுப்பட்டால் தாடை உடனே நின்றுவிடும், தூக்கத்தில் அந்தக் காவல் தளர்ந்துவிடுகிறது. அந்தத் தசை ராத்திரியெல்லாம் வேலை செய்தால் காலையில் வலிக்காமல் என்ன செய்யும்? தசை காதுக்கு முன்னாலும் பொட்டிலும் பரவியிருப்பதால்தான் காது வலி மாதிரியும் தலைவலி மாதிரியும் தெரிகிறது. டாக்டர் உங்கள் நாக்கை நீட்டச் சொன்னது ஓரத்தில் பல் பதிந்த அலை அலையான தடம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். நல்ல டாக்டர், விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ஈறு விஷயத்தில் ஒரு திருத்தம். இதைச் சொல்லத்தான் வந்தேன். கவலை மட்டும் தனியாக ஈறில் ரத்தம் வர வைக்காது. ரத்தம் வருவதற்குக் காரணம் பல்லும் ஈறும் சேருகிற இடத்தில் படிகிற அழுக்கு, அதில் இருக்கிற கிருமி. அழுக்கு இல்லாத வாயில் எவ்வளவு கவலை இருந்தாலும் இந்த ஈறு நோய் வருவது கஷ்டம். கவலை என்ன செய்கிறது என்றால், காவலாளியைத் தூங்க வைக்கிறது. மன அழுத்தம் நீண்ட நாள் இருந்தால் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு கூடுதலாகவே இருக்கும், நோய் எதிர்ப்பு தடுமாறும், முன்பு சமாளித்த அதே அழுக்குக்கு ஈறு இப்போது வீங்கும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கவலையில் இருக்கிறவர்கள் ராத்திரி பல் தேய்க்காமல் படுத்துவிடுகிறார்கள். கெட்டிப்பால் ஊற்றின தேத்தண்ணீர் மூன்று தடவை ஐந்து தடவையாகிறது. சிகரெட் கூடுகிறது. பல் டாக்டர் தேதியைத் தள்ளிப் போடுகிறார்கள். உண்மையைச் சொல்லுங்கள் மா, ரத்தம் வருகிறது என்று அந்தப் பக்கம் பிரஷ் படாமல் தேய்க்கிறீர்களா? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் செய்வது அதுதான் என்பேன், இது என் அனுபவக் கணக்கு. ரத்தம் வருகிற இடத்தைத்தான் மெதுவாக, நன்றாகத் தேய்க்க வேண்டும். மெத்தென்ற பிரஷ், புளோரைடு இருக்கிற பற்பசை, ராத்திரி கட்டாயம், பல் இடுக்குக்கு நூல் அல்லது சின்ன இடுக்குப் பிரஷ். வெறும் ஈறு வீக்கம் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தம் குறைவது தெரியும். ஈறு வீக்கம் திரும்பச் சரியாகும். அதை விட்டுவிட்டு உள்ளே எலும்பு கரைய ஆரம்பித்தால் அது திரும்ப வளராது, இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஸ்கேலிங் அன்றைக்கு ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் குச்சி விட்டு ஆழம் அளப்பார்கள். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் என்றால் கவலை இல்லை, நாலு, ஐந்து என்று எண் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கேயே விவரமாகக் கேளுங்கள்.

ஸ்கேலிங் பண்ணினால் பல் ஆடும் என்று நம் ஆட்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது. காரை பிடித்துக்கொண்டிருந்த பல், காரை போனதும் தன் நிஜ நிலைமையைக் காட்டுகிறது. ஆட வைத்தது ஸ்கேலிங் இல்லை.

நைட்ஷிப்ட் தம்பி, உங்களுக்கும் ஒரு வார்த்தை. சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும், ரத்தக்குழாய் சுருங்கிவிடுவதால். ரத்தம் வரவில்லை, ஈறு நன்றாக இருக்கிறது என்று ஏமாந்துவிடாதீர்கள்.

மண்டோர் அண்ணே, கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அதில் தப்பில்லை. சுத்தக் கிராம்பு எண்ணெயை அப்படியே ஈறில் ஊற்றினால் புண்ணாகிவிடும். கரித்தூள் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே கடித்துக் கடித்துத் தேய்கிற பல்லில் உப்புத்தாளும் போட்ட மாதிரி. மாமியாரிடம் சொல்லுங்கள், புழு இல்லை. டாக்டர்கள் இத்தனை பல்லை உடைத்துப் பார்த்ததில் ஒருவரும் புழுவைப் பிடித்ததில்லை.

வாய்ப்புண்ணைப் பற்றி. கவலை, தூக்கமின்மை காலத்தில் வருகிற சின்ன வெள்ளைப் புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். பல் கடிக்கிறவர்களுக்கு நாக்கும் கன்னமும் கடிபட்டும் புண் வரும். ஆனால் ஒரே இடத்தில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருந்தால், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் காட்ட வேண்டும். வீட்டில் யாராவது வெற்றிலை போடுகிறார்களா? இந்த நாட்டில் வாய்ப்புற்று மற்றவர்களைவிட இந்தியர்களிடம் அதிகம், அதற்கு வெற்றிலை பாக்குப் பழக்கம் ஒரு பெரிய காரணம். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-லேயே சொல்லிவிட்டது. அதிலும் வயதானவர்கள் கவலை வந்தால் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு அடக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

லயத்துக்காரி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாதி அம்மா, பிடித்துவிட்டீர்கள். வலது பக்கம் பிரஷ் படாமல்தான் தேய்க்கிறேன். ராத்திரி தேய்ப்பதைக் கடிதம் வந்ததில் இருந்தே விட்டுவிட்டேன், நீங்கள் கேட்கும் வரை எனக்கே தெரியாது.

நைட்ஷிப்ட் தம்பி, நேற்று வேண்டுமென்றே முறுக்கு கடித்துப் பார்த்தேன் (தீபாவளி முறுக்கு இன்னும் இருக்கிறது, கல் மாதிரி). விடும்போதுதான் வலிக்கிறது. பயமாக இருக்கிறது.

இன்னொன்று. மாமியார் வெற்றிலை போடுகிறவர், நாற்பது வருஷமாக. தாதி அம்மா எழுதியதைப் படித்துவிட்டு டார்ச் அடித்து அவர் வாயைப் பார்த்தேன். இடது கன்னத்துக்குள் வெள்ளையாய் ஒரு திட்டு, சுரண்டினால் வரவில்லை. வலிக்கவில்லை என்கிறார். சுண்ணாம்பு பட்டதுதான் என்கிறார். எவ்வளவு நாளாய் இருக்கிறது என்று கேட்டால், "நீ எதற்கு இப்போது என் வாயைப் பார்க்கிறாய்" என்று கோபம் வருகிறது.

பல்தாதி_ஓய்வு எழுதியது:

சுரண்டி வராத வெள்ளைத் திட்டு என்றால் காட்டத்தான் வேண்டும், இந்த வாரமே. எல்லா வெள்ளைத் திட்டும் புற்று இல்லை, பெரும்பாலானவை இல்லை. ஆனால் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கொஞ்சம் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும். "பல் செட் பார்க்கப் போகலாம்" என்று கூட்டிக்கொண்டு போங்கள். பொய் சொல்லக் கூடாதுதான், இந்தப் பொய்க்கு நான் பொறுப்பு.

எதையும்_நம்பாதவன் (காஜாங்) எழுதியது:

மன்னிக்கவும், எல்லாரும் தலையாட்டுகிற இடத்தில் நான் ஒருவன் குறுக்கே வருகிறேன். டாக்டருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கடைசியில் சொல்கிற வார்த்தை ஸ்ட்ரெஸ். முதுகு வலியா, ஸ்ட்ரெஸ். முடி கொட்டுகிறதா, ஸ்ட்ரெஸ். இப்போது பல்லும். யாருக்குத்தான் இந்தக் காலத்தில் ஸ்ட்ரெஸ் இல்லை? என் அப்பா 1970-களில் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு வேலைக்கு அலைந்தவர், அதைவிடவா உங்கள் ஸ்ட்ரெஸ்? அவர் பல் நன்றாகத்தான் இருந்தது. கவசம் விற்கிறவனுக்கு லாபம், அவ்வளவுதான். அப்புறம் நான் படித்தவரை தூக்கத்தில் பல் கடிப்பதற்கும் மனசுக்கும் நேரான தொடர்பு என்று யாரும் உறுதியாக நிரூபிக்கவில்லை.

பல்தாதி_ஓய்வு எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதியை நான் மறுக்க மாட்டேன். தூக்கத்தில் பல் கடிப்பதை மூளைதான் நடத்துகிறது, தூக்கம் லேசாகக் கலைகிற நேரங்களில் அது வருகிறது. கவலை அதற்குப் பல காரணங்களில் ஒன்றுதான். மது, சிகரெட், ராத்திரி கோப்பி, மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மாத்திரைகள், குடும்ப வாகு, எல்லாம் உண்டு. மூச்சு நின்று நின்று வருகிற குறட்டை உள்ளவர்களிடமும் பல் கடிப்பது சேர்ந்து காணப்படுகிறது. விழித்திருக்கும்போது தெரியாமல் கடித்துக்கொண்டிருக்கிறோமே, அதற்கும் கவலைக்கும் உள்ள தொடர்புதான் இரண்டிலும் கெட்டி. 2018-ல் இந்தத் துறை ஆட்கள் ஒன்றுகூடி, மற்றபடி ஆரோக்கியமாக இருக்கிறவர் பல் கடிப்பதை நோய் என்றே சொல்ல வேண்டாம், தசையின் ஒரு நடத்தை, அது கெடுதல் செய்கிறதா என்று பார்த்து நடவடிக்கை எடுத்தால் போதும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆகையால் பல் கடிக்கிற எல்லாருக்கும் கவசம் வேண்டாம். லயத்துக்காரிக்கு விரிசல் சந்தேகம் இருக்கிறது, அது வேறு கணக்கு.

ஈறு நோய்க்கும் அப்படித்தான். இப்போது உலகம் முழுக்கப் பயன்படுத்துகிற வகைப்பாட்டில் நோய் வேகமாகப் போகும் என்று கணக்கில் எடுப்பது சிகரெட்டையும் சர்க்கரை வியாதியையும்தான், கவலையை அல்ல. கவலையை எந்த மீட்டரால் அளப்பது? ஆனால் ஒன்று சொல்கிறேன். முதல் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்களுக்கு ஈறு அழுகி, முனை அரிக்கப்பட்டு, நாற்றமெடுத்து ரத்தம் வந்தது. அதற்கு "பதுங்குகுழி வாய்" என்றே பேர் வைத்தார்கள். பல் தேய்க்க வழியில்லை, சத்தான சாப்பாடு இல்லை, சிகரெட் மட்டும் உண்டு, தலைக்கு மேல் குண்டு. எதைத் தனியாகப் பிரித்து இதுதான் காரணம் என்பீர்கள்? எல்லாம் சேர்ந்துதான் வரும்.

உங்கள் அப்பாவுக்குப் பல் நன்றாக இருந்தது சந்தோஷம். அவருடைய லயத்தில் (வரிசை வீடுகளில்) பல் போனவர்கள் எத்தனை பேர் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள்.

எதையும்_நம்பாதவன் எழுதியது:

அப்பா இப்போது இல்லை. சரி, தாதி அம்மா சொன்ன விதம் நியாயமாக இருக்கிறது. சர்க்கரை விஷயத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் எழுத முடியுமா, எனக்குக் கேட்க வேண்டியிருக்கிறது.

பல்தாதி_ஓய்வு எழுதியது:

இரண்டு பக்கக் கதவு தம்பி. சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமெடுக்கும், ஈறில் புண் வைத்துக்கொண்டிருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர அடம்பிடிக்கும். மூன்று மாதச் சராசரி சர்க்கரைப் பரிசோதனையில் (HbA1c) ஏழு சதவீதத்துக்கு மேலே போனால் பல் டாக்டருக்கும் அந்தச் சீட்டைக் காட்டுங்கள். கவலை சர்க்கரையையும் ஏற்றும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். வாய் வறண்டு போகிறதா? எச்சில்தான் வாய்க்குள் இருக்கிற கழுவும் தண்ணீர், ஒரு நாளைக்கு அரை லிட்டரில் இருந்து ஒன்றரை லிட்டர் வரை சுரக்கும், பதற்றத்திலும் சில மாத்திரைகளாலும் அது குறையும். அப்போது தேத்தண்ணீர் குடித்து ஈடுகட்டாதீர்கள், பச்சைத் தண்ணீர்தான்.

லயத்துக்காரி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

இந்தப் பக்கத்தை மறந்திருப்பீர்கள், எனக்கு மறக்கவில்லை.

பல்லில் விரிசல்தான். அதே குச்சி வைத்துக் கடிக்கச் சொன்னார், நைட்ஷிப்ட் தம்பி சொன்ன மாதிரியே. உறை போட வேண்டும், வேர் வரை இறங்கவில்லை என்கிறார். இப்போதைக்குத் தற்காலிகமாக ஏதோ கட்டி வைத்திருக்கிறார், அந்தப் பக்கம் மெல்லாதே என்று உத்தரவு. கவசம் செய்ய அளவு எடுத்திருக்கிறார்கள். ஸ்கேலிங் முடிந்தது, இரண்டு இடத்தில் ஐந்து என்று எண் சொன்னார்கள், மற்றதெல்லாம் மூன்றுக்குள். ரத்தம் நிற்கவில்லை, ஆனால் நுரை இப்போது வெள்ளையாய்த்தான் இருக்கிறது, ஓரத்தில் ஒரு கீறல் சிவப்பு.

மஞ்சள் ஸ்டிக்கரை ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறேன். புது மேனேஜர் இது என்ன என்று கேட்டார். பல்லுக்கு என்றேன். விளங்காத மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

டாக்டர் 15555 என்ற எண்ணைக் கொடுத்தார், மனசு கஷ்டத்துக்குப் பேசலாமாம், சுகாதார அமைச்சு நடத்துவது. இரண்டு நாள் போனை எடுத்து எடுத்து வைத்துவிட்டு மூன்றாவது நாள் அழைத்தேன். வீடு கிடைக்கவில்லை, ஆனால் அன்றைக்கு நாலு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினேன் என்று வீட்டுக்காரர் சொன்னார். எலி சத்தம் இல்லையாம்.

மண்டோர் அண்ணே, முப்பத்திரண்டில் இருபத்தெட்டு வீடு கோயில் மண்டபத்தில் கூடினோம். தொழிலாளர் இலாகாவுக்குப் போக ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். கடிதத்தை டைப் அடித்தவள் என்று என்னை ஒருத்தி திட்டினாள், அப்புறம் அவளே மனுவை நான்தான் டைப் அடிக்க வேண்டும் என்றாள்.

மாமியாரைப் பல் செட் பார்க்க என்று கூட்டிக்கொண்டு போனேன். சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நாளைக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் முடிவு சொல்வார்கள், ஏழு மணி பஸ். வெற்றிலைப் பெட்டியை இன்றைக்குத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார், திறக்கவில்லை.

பழைய_மண்டோர் எழுதியது:

முடிவு வந்ததும் எழுதுங்கள் தங்கச்சி, எந்த நேரமாக இருந்தாலும். நான் நாலு மணிக்கே எழுந்துவிடுகிறவன்.